முதல் நூல் எது?
இரசாயனப் பாடநூல்களின் கதை

 

இன்று நம் பள்ளியின் பரிசளிப்பு விழா. மேடையில் அடுக்கி வைத்திருக்கும் பரிசுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை புத்தகங்கள். பெயரைக் கூப்பிட்டதும் பிள்ளை ஓடிப்போய் இரு கையாலும் வாங்கிக்கொண்டு வருகிறது. நாம் கை தட்டுகிறோம். சரி, வீட்டுக்குப் போன பிறகு அந்தப் புத்தகம் என்ன ஆகிறது? அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன். பேசுவதற்கு முன்னால் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் படித்த பையன் ஒருவன், ஐந்தாம் படிவத்தில் நல்ல தேர்ச்சி பெற்று, பட்டணத்துப் பள்ளியில் ஆறாம் படிவத்து விஞ்ஞானப் பிரிவில் இடம் பெற்றான். பெயர் வேண்டாம். அவனுடைய அப்பா பால்மரம் வெட்டுகிறவர். ஒரு நாள் வேலை முடிந்து நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தார். துண்டின் முனையில் முடிந்திருந்த வெள்ளியை அவிழ்த்து மேசை மேல் வைத்தார்.

"வாத்தியாரே, கெமிஸ்ட்ரிக்குப் பெரிய புஸ்தகம் ஒண்ணு வாங்கணுமாம். எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும். காசப் பத்திக் கவலப்படாதீங்க."

நானும் அவனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். இருந்ததிலேயே தடித்த புத்தகத்தைக் காட்டினேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கும். பெரிய படிப்புக்குப் பெரிய புத்தகம்தானே என்பது அன்றைக்கு என் கணக்கு. அந்த அப்பாவின் பல நாள் கூலி அதற்கே போயிற்று.

ஆறு மாதத்தில் பையன் கலைப் பிரிவுக்கு மாறிவிட்டான். ஏனப்பா என்று கேட்டேன். "சார், மொதப் பக்கத்துல இருந்துதான் படிச்சேன். ஒண்ணுமே பிடிபடல. நமக்கெல்லாம் இதுக்கு மூளை இல்லைன்னு விட்டுட்டேன்" என்றான்.

அந்தப் புத்தகத்துக்கு அவன் அம்மா அழகாக அட்டை போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன், நெஞ்சு சுருக்கென்னும். பொட்டு வைத்த புத்தகம், ஆனால் படிக்காத புத்தகம். மூளை இல்லாதவன் அந்தப் பையன் அல்ல. யோசிக்காமல் கை காட்டிய நான்தான்.

அதற்குப் பிறகுதான், ஒரு பாடத்துக்கு முதல் நூல் எப்படி இருக்க வேண்டும் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடப் போன இடத்தில் ஒரு பெரிய சரித்திரமே கிடைத்தது.

நமக்கும் இரசாயனத்துக்கும் என்ன?

"இதெல்லாம் படித்தவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைக்காதீர்கள். மங்கில் வடிந்த பால் தானாக உறைந்துவிடாமல் இருக்க அமோனியா விடுகிறோம். உறைய வேண்டிய நேரத்தில் ஃபார்மிக் ஆசிட் விடுகிறோம். அந்த ஆசிட் கட்டெறும்பு கடித்தால் கடுக்கிறதே, அந்தக் கடுப்பில் இருக்கும் அமிலந்தான். ஒன்று பாலைக் காப்பாற்றுகிறது, மற்றொன்று பாலை உறைய வைக்கிறது. ஏன்? அந்த 'ஏன்' என்ற கேள்விதான் இரசாயனம். ஆக, இந்தச் சாத்திரத்தின் வாசலில் நாம் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறோம். உள்ளே போகச் சரியான படிக்கட்டுதான் வேண்டும்.

நல்ல நூல் எது என்ற கேள்வி நமக்குப் புதிதும் அல்ல. பவணந்தி முனிவர் தம் நன்னூலின் தொடக்கத்திலேயே ஒரு நூலுக்கு இருக்கக் கூடாத குற்றங்கள் பத்து, இருக்க வேண்டிய அழகுகள் பத்து என்று எண்ணிக் காட்டியிருக்கிறார். நல்ல சொற்களைச் சேர்ப்பது, படிப்பவருக்கு விளங்கும்படி சொல்வது, தக்க எடுத்துக்காட்டுத் தருவது, சொல்ல வந்ததை முறைப்படி வைப்பது ஆகியவை அந்தப் பத்தில் அடங்கும். புத்தகம் தடிமனாக இருக்க வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை! அந்த அழகுகளையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, மேல்நாட்டில் பிறந்த மூன்று இரசாயனப் பாடநூல்களையும் தமிழில் பிறந்த ஒன்றையும் பார்ப்போம், வாருங்கள்.

சொல்லைச் சீர்படுத்திய நூல்

ஒரே ஆளுக்கு லயத்தில் ஒரு பட்டப்பெயர், கோயிலில் ஒரு பெயர், செக்ரோல் புத்தகத்தில் வேறொரு பெயர் என்று இருந்தால் புதிதாக வந்த கிராணி என்ன பாடுபடுவார்! இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இரசாயனம் அப்படித்தான் இருந்தது. 'துத்தநாகப் பூ' என்பார்கள், அது பூ அல்ல. 'அண்டிமனி வெண்ணெய்' என்பார்கள், அதைத் தின்றால் ஆள் பிழைக்க மாட்டான். 'கந்தக ஈரல்' என்றும் ஒன்று உண்டு. பெயரைக் கேட்டால் பொருள் தெரியாது. பொருளைப் பார்த்தால் பெயர் தெரியாது.

பாரிஸ் நகரத்து அந்துவான் லவாசியே என்பவர் நண்பர்கள் மூவரோடு சேர்ந்து 1787-இல் இந்தப் பெயர்களை ஒழுங்குபடுத்தினார். ஒரு பொருளில் என்னென்ன சேர்ந்திருக்கிறதோ, அதுவே பெயரில் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை. துத்தநாகப் பூவில் இருப்பது துத்தநாகமும் ஆக்சிஜனும். ஆகவே அது துத்தநாக ஆக்சைடு. அவ்வளவுதான்!

பெயர்களைத் திருத்துவதைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தவர், எழுத எழுத அது ஒரு முழுப் பாடநூலாகவே வளர்ந்துவிட்டது என்று தம் முன்னுரையில் சொல்கிறார். 1789-இல் அந்நூல் வெளிவந்தது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும், இடையில் ஒரு படியும் தாண்டக் கூடாது என்பது அவர் கொண்ட விதி. இதற்கு மேல் பிரிக்க முடியாத பொருளே தனிமம் என்று சொல்லி, 33 பெயர்களைப் பட்டியல் போட்டார். நூலில் உள்ள கருவிகளின் படங்களை வரைந்து கொடுத்தவர் அவர் மனைவி மரி-ஆன். அடுத்த ஆண்டே ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது.

அந்தப் பட்டியலில் ஒளியையும் வெப்பத்தையும்கூடத் தனிமம் என்று சேர்த்திருந்தார். அது தவறு என்று பிற்காலத்தில் தெரிந்தது. மாணவர்களே, இதை நினைவில் வையுங்கள். எவ்வளவு பெரியவர் எழுதினாலும் பாடநூல் வேதவாக்கு அல்ல, திருத்தப்பட வேண்டியதுதான். லவாசியேக்கோ திருத்த அவகாசம் கிடைக்கவில்லை. அரசாங்கத்துக்கு வரி வசூலித்த கூட்டுக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார் என்று, பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794 மே 8-ஆம் நாள் அவர் தலையை வெட்டிவிட்டார்கள். வயது 50. தலை போயிற்று, நூல் நின்றது.

பேசிக் காட்டிய நூல்

அடுத்த நூலை எழுதியவர் ஒரு பெண்மணி. லண்டனில் வாழ்ந்த ஜேன் மார்செட் அம்மையார். அக்காலத்தில் சர் ஹம்ஃப்ரி டேவி என்ற பேரறிஞர் இராயல் இன்ஸ்டிடியூஷனில் இரசாயனச் சொற்பொழிவு செய்துவந்தார். கூட்டம் அலைமோதும். அம்மையாரும் போய்க் கேட்டார். கேட்டதெல்லாம் வேகமாக ஓடியதே தவிர மனத்தில் தங்கவில்லை. பிறகு ஒரு நண்பரோடு உட்கார்ந்து, கேள்வி கேட்டு, பதில் பேசிய பின்தான் விளங்கியது. "எனக்கு இதற்கு மூளை இல்லை" என்று அவர் விட்டுவிடவில்லை. நமக்கு விளங்கிய வழியிலேயே மற்றவர்களுக்கும் சொல்லலாமே என்று எண்ணினார்.

அப்படிப் பிறந்ததுதான் 1806-இல் வந்த 'இரசாயன உரையாடல்கள்'. அதில் ஓர் ஆசிரியை, எமிலி, கரோலின் என்ற இரண்டு மாணவிகள். எமிலி பொறுமைசாலி. கரோலின் துடுக்குக்காரி, நினைத்ததைக் கேட்டுவிடுவாள். படிப்பவர் மனத்தில் என்ன சந்தேகம் எழுமோ அதையே அந்தப் பெண் கேட்பாள். ஆசிரியை சோதனை செய்து காட்டி விளக்குவார். நூலின் முகப்பில் அம்மையார் தம் பெயரைப் போடவில்லை. பல பதிப்புகள் விற்ற பிறகுதான் எழுதியவர் பெயர் வெளிவந்தது. கடல் கடந்து அமெரிக்காவிலும் அது பல பள்ளிகளில் பாடநூலாயிற்று.

அதே லண்டனில் ஒரு கொல்லர் மகன் இருந்தான். குடும்பம் வறுமையில் வாடியது. அதிகம் படிக்க வசதியில்லை. 14 வயதில், 1805-இல், புத்தகம் கட்டும் கடையில் ஏழு ஆண்டு வேலை பழகச் சேர்ந்தான். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைக் கட்டியதோடு விடாமல் திறந்தும் படித்தான். அவற்றில் ஒன்று மார்செட் அம்மையாரின் நூல். படித்ததை அப்படியே நம்பவும் இல்லை. கையில் இருந்த சில்லறைக் காசுக்குச் சாமான் வாங்கி, நூலில் சொன்ன சிறு சோதனைகளைச் செய்து பார்த்தான். சொன்னபடியே நடந்தது! அன்றிலிருந்து அந்த நூலை விடாமல் பிடித்துக்கொண்டான்.

1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த நுழைவுச் சீட்டோடு டேவியின் சொற்பொழிவுகளுக்குப் போனான். குறிப்பு எடுத்து, தன் கையாலேயே அழகாகக் கட்டி, டேவிக்கு அனுப்பினான். 1813 மார்ச்சில் அவருக்கு உதவியாளனாக வேலை கிடைத்தது. அந்தப் பையன்தான் மைக்கேல் ஃபாரடே. இன்று நாம் போடுகிற விளக்கு எரிகிறதே, அந்த மின்சாரத்தை உண்டாக்கும் அடிப்படையை 1831-இல் கண்டவர் அவரே. பெரிய மனிதரான பிறகும் தம் ஆய்வுக் கட்டுரைகளை மார்செட் அம்மையாருக்கு நன்றிக் காணிக்கையாக அனுப்பிவைத்தார்.

தோட்டத்துச் சகோதரர்களுக்கு ஒரு செய்தி. 1826-இல் ஃபாரடே ரப்பர்ப் பாலை ஆராய்ந்தார். ரப்பர் என்பது கரியும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த பொருள், ஐந்து பங்கு கரி அணுவுக்கு எட்டுப் பங்கு ஹைட்ரஜன் அணு என்ற கணக்கு அந்த ஆய்விலிருந்துதான் வந்தது. அப்போது நம் மண்ணில் நாம் வெட்டும் பால்மரம் ஒன்றுகூட இல்லை. சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்து சேர்ந்ததே 1877-இல்தான். நாம் தலைமுறை தலைமுறையாக வெட்டிய பாலுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் சொன்னவர், ஒரு பெண்மணி எழுதிய தொடக்க நூலைப் படித்து மேலே வந்த ஏழைப் பையன்!

முறையாக வைத்த நூல்

மூன்றாவது கதை ருஷ்யாவில். இதைத் தாய்மார்கள் சற்றுக் கூர்ந்து படிக்க வேண்டும்.

சைபீரியாவில் தொபோல்ஸ்க் என்ற ஊரில் 1834-இல் பிறந்தார் திமித்ரி மெண்டலீவ். பெரிய குடும்பத்தில் கடைக்குட்டி. தகப்பனார் பள்ளித் தலைமையாசிரியர். இந்தப் பிள்ளை பிறந்த ஆண்டிலேயே அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. தாயார் மரியா தம் குடும்பத்துக் கண்ணாடித் தொழிற்சாலையை எடுத்து நடத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். 1847-இல் கணவர் இறந்தார். அடுத்த ஆண்டு தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது.

நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "படிச்சது போதும்டா, ஏதாவது வேலைக்குப் போ" என்றுதானே? அந்தத் தாய் அப்படிச் சொல்லவில்லை. கடைசி மகனையும் ஒரு மகளையும் அழைத்துக்கொண்டு, ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து மாஸ்கோவுக்குப் போனார். ரயில் இல்லாத பாதை. அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. மனம் தளராமல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போனார். தகப்பனார் படித்த அதே ஆசிரியர் கல்லூரியில் 1850-இல் மகனுக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டு அந்தத் தாய் கண்ணை மூடிவிட்டார். மகன் இதை மறக்கவில்லை. 1887-இல் தாம் வெளியிட்ட ஆராய்ச்சி நூலொன்றைத் தாயின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

இரசாயன உலகமோ அப்போது பெரிய குழப்பத்தில் இருந்தது. அணு எடைகளை ஆளுக்கு ஒரு விதமாகக் கணக்கிட்டார்கள். சாதாரணக் காடியில் உள்ள அசெட்டிக் அமிலத்துக்கு 19 விதமான வாய்பாடுகள் வழங்கிவந்ததைக் கெக்கூலே என்ற ஜெர்மன் அறிஞர் தம் பாடநூலில் வரிசைப்படுத்திக் காட்டியிருக்கிறார். ஆசிரியருக்கே இப்படி என்றால் மாணவன் கதி என்ன! இதைத் தீர்க்க 1860 செப்டம்பரில் கார்ல்ஸ்ரூ நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கூடினார்கள். மாநாட்டின் முடிவில் ஒரு சிறு புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். இத்தாலியப் பேராசிரியர் கன்னிசாரோ தம் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் முறையை விளக்கி 1858-இல் எழுதியது. அணு எடையைச் சரியாகக் காணும் வழி அதில் தெளிவாக இருந்தது. கூட்டத்தில் 26 வயது மெண்டலீவும் இருந்தார். பெரிய விவாதங்கள் தீர்க்காத சிக்கலைத் தீர்க்க ஒரு வகுப்பறைக் குறிப்பு வழி காட்டியது, பாருங்கள்!

1867-இல் மெண்டலீவ் பல்கலைக்கழகத்தில் பொது இரசாயனப் பேராசிரியரானார். முதலாண்டு மாணவர்களுக்கு எந்தப் பாடநூலைச் சொல்வது? நாம் இன்று கேட்கும் அதே கேள்விதான். ருஷ்ய மொழியில் இருந்தவற்றைப் பார்த்தார். ஒன்றும் மனத்துக்குப் பிடிக்கவில்லை. சரி, நாமே எழுதிவிடுவோம் என்று 1868-இல் 'இரசாயனத்தின் அடிப்படைகள்' என்ற நூலைத் தொடங்கினார்.

முதல் தொகுதி முடிகிறபோது ஒரு சங்கடம். அப்போது தெரிந்திருந்த தனிமங்கள் 63. ஒரு கைப்பிடி அளவு தனிமங்களைத்தான் விளக்கியிருந்தார். மீதி ஐம்பதுக்கும் மேலானவற்றை இரண்டாம் தொகுதிக்குள் அடக்க வேண்டும். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது? கண்டபடி கொட்டினால் பிள்ளைகள் எப்படி நினைவில் வைப்பார்கள்?

அவர் செய்ததை நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பக்கம் குளோரின் குடும்பம், மறு பக்கம் சோடியம் குடும்பம். அணு எடையை எழுதுங்கள். ஃபுளோரின் 19, அதையடுத்துச் சோடியம் 23. குளோரின் 35.5, அதையடுத்துப் பொட்டாசியம் 39. புரோமின் 80, அதையடுத்து ருபீடியம் 85. அயோடின் 127, அதையடுத்துச் சீசியம் 133. ஒவ்வொரு முறையும் இந்தக் குடும்பத்து ஆளுக்கு அடுத்த வீட்டில் அந்தக் குடும்பத்து ஆள்! எடை வரிசையில் வைத்தால், வாரத்தில் வெள்ளிக்கிழமை திரும்பி வருவதுபோல் குணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 1869 பிப்ரவரி 17, நம் நாட்காட்டிப்படி மார்ச் 1-ஆம் நாள், அவர் தம் தனிம வரிசை அட்டவணையை எழுதி முடித்தார். கனவிலே கண்டார் என்று ஒரு கதை பின்னால் பரவியது. கனவல்ல ஐயா, பாடநூலுக்கு அத்தியாயம் பிரித்த உழைப்பு! ஜெர்மனியில் லோதர் மையர் என்பவரும் 1864-இல் தாம் வெளியிட்ட பாடநூலில் இதைப் போன்ற ஒரு வரிசையை அமைத்திருந்தார்.

அட்டவணையில் சில இடங்கள் காலியாக நின்றன. இல்லாததை இருப்பதாகச் சொல்லி மெண்டலீவ் ஒட்டுப்போடவில்லை. "இங்கே ஒருவன் வர வேண்டியிருக்கிறது" என்று இடம் விட்டார். 1871-இல் அவர்கள் குணத்தையும் முன்கூட்டியே எழுதினார். அவர் வைத்த தற்காலிகப் பெயர்கள் ஏக-அலுமினியம், ஏக-போரான், ஏக-சிலிக்கான். ஆம், ஏகம் என்று நாம் சொல்லும் அதே வடசொல்! 1875-இல் காலியம், 1879-இல் ஸ்காண்டியம், 1886-இல் ஜெர்மானியம் என்று மூன்றும் அகப்பட்டன. காலியத்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் அதன் அடர்த்தி 4.7 என்றார். மெண்டலீவோ, இருக்காது, 5.9 இருக்க வேண்டும், மீண்டும் அளந்து பாருங்கள் என்று எழுதினார். அளந்தார். 5.9!

அந்தப் பாடநூல் அவர் உயிரோடு இருந்தபோதே எட்டுப் பதிப்புகள் கண்டது. ஒவ்வொரு பதிப்பிலும் திருத்தினார். 1907-இல் அவர் மறைந்தார். 1955-இல் ஆக்கப்பட்ட 101-ஆம் தனிமத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

நம் மொழியில் வந்த நூல்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை. தமிழில் என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் கற்று, தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். அவரிடம் பயின்று அறுபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவரானார்கள். பாடநூல் வேண்டுமே! தமிழறிந்த துணைவர்களோடு சேர்ந்து ஒவ்வொன்றாக மொழிபெயர்த்து வெளியிட்டார். அமெரிக்கக் கல்லூரிகளில் வழங்கிய வெல்ஸ் என்பாரின் இரசாயன நூல், 'கெமிஸ்தம்' என்ற பெயரில் 1875-இல் தமிழில் வந்தது. மெண்டலீவ் விட்ட முதல் காலியிடம் நிரம்பிய அதே ஆண்டு!

தமிழில் பொருத்தமான சொல் இருந்தால் அதையே எடுப்பது, இல்லாவிட்டால் வடசொல், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது என்பது கிறீனின் முறை. இன்று நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ இரசாயனம் படிக்கிறார்கள். படிக்கட்டும். ஆனால் படித்ததை வீட்டில் தமிழில் சொல்ல முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். தமிழில் சொல்ல முடியும் என்று காட்டி நூற்றைம்பது ஆண்டு ஆகிவிட்டது.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெற்றோர்களே, கதை முடிந்தது. இனி வேலைக்கு வருவோம். உங்கள் பிள்ளை ஆறாம் படிவத்துக்கோ, மெட்ரிகுலேஷனுக்கோ, கல்லூரிக்கோ போகும்போது செய்ய வேண்டியவை இவை.

முதலில் கடைக்குப் போகாதீர்கள், நூல்நிலையத்துக்குப் போங்கள். மூன்று புத்தகங்களை எடுத்து, மூன்றிலும் ஒரே பாடத்தைப் பிள்ளை படிக்கட்டும். 'மோல்' என்ற பாடம் இதற்கு நல்லது. ஒரு டஜன் என்றால் 12. அதுபோல ஒரு மோல் என்றால் 602-க்குப் பின்னால் 21 பூச்சியம் போட்ட அளவு அணுக்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். படித்த பிறகு புத்தகத்தை மூடச் சொல்லி, "எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு இரசாயனம் தெரிய வேண்டிய அவசியமில்லை. எந்த நூலைப் படித்துவிட்டுப் பிள்ளை தடங்கலில்லாமல் சொல்கிறதோ, அதுவே அதற்கு முதல் நூல்.

இரண்டாவது, செய்து காட்டிய கணக்குகள் இருக்கின்றனவா, பயிற்சிகளுக்குப் பின்னால் விடை இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு விடைப் பக்கந்தான் வாத்தியார்.

மூன்றாவது, பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பொருளடக்கத்தோடு ஒத்துப் பாருங்கள். தேர்வில் இல்லாத அத்தியாயத்துக்கெல்லாம் நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

நான்காவது, பதிப்பு. மோலின் வரையறை 2019-இல் மாறியது. 113, 115, 117, 118 ஆகிய எண்ணுள்ள தனிமங்களுக்கு 2016-இல்தான் பெயர் வைத்தார்கள். பழைய பதிப்பில் இவை இருக்கமாட்டா. அதற்காகப் பழையது குப்பை அல்ல. அடிப்படைப் பாடம் பெரும்பாலும் அதேதான். மாறியது எது என்று ஆசிரியரிடம் கேட்டு ஓரத்தில் எழுதிக்கொண்டால் போதும். அக்கா, அண்ணன்மார் படித்த நூலை வாங்கிப் படிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கடைசியாக, தடித்த நூலும் வேண்டும். ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டும். சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்க அது உதவும். முதல் நாளே அதைத் தலையில் சுமத்தினால் பிள்ளை புத்தகத்தைக் குறை சொல்லாது, தன்னையே குறை சொல்லிக்கொள்ளும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பொட்டு வைத்த புத்தகம்

சென்ற ஆண்டு என் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அந்தப் பழைய பையன்தான். தலை நரைத்துவிட்டது. பின்னால் அவன் மகள்.

"சார், இவளுக்கு ஆறாம் படிவத்துல சயின்ஸ் கெடச்சிருக்கு. என்ன புஸ்தகம் வாங்கறது?" என்று கேட்டான். அவன் அப்பா கேட்ட அதே கேள்வி.

இந்த முறை நான் கை காட்டவில்லை. மூவருமாக நூல்நிலையத்துக்குப் போனோம். அந்தப் பெண் மூன்று புத்தகத்திலும் மோல் பாடத்தைப் படித்தாள். இரண்டை மூடி வைத்தாள். மூன்றாவதைப் படித்துவிட்டு, "அப்பா, ஒரு டஜன் முட்டையும் ஒரு டஜன் தேங்காயும் எண்ணிக்கை ஒண்ணுதான், எடை வேற வேற. அதேதான்பா இது" என்று தமிழில் சொன்னாள். அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லிய குரலில், "இவ்வளவுதானா சார்?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த மெல்லிய நூலைப் பழைய புத்தகமாகப் பாதி விலைக்கு வாங்கினோம். இந்த ஆண்டு அவர்கள் வீட்டுக்குப் போனபோது சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தடித்த புத்தகத்தைக் காணவில்லை. அது அந்தப் பெண்ணின் மேசை மேல் திறந்து கிடந்தது. அட்டையில் பாட்டி வைத்த குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. உள்ளே பென்சில் கோடுகள்.

"இது நல்ல புஸ்தகம்தான் சார். அப்பா இத முதல்ல எடுத்ததுதான் தப்பு" என்றாள்.

இன்று பரிசாகப் புத்தகம் வாங்கிப்போகும் செல்வங்களே! சரஸ்வதி பூசைக்குப் பொட்டு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் அதைத் திறந்தும் பாருங்கள். விளங்காவிட்டால் உங்களைக் குறைத்து எண்ணாதீர்கள். உங்களுக்கு ஏற்ற வேறு நூல் எங்காவது இருக்கும். எங்குமே இல்லை என்றால், மெண்டலீவ் செய்ததை நாளைக்கு நீங்கள் செய்யுங்கள்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!